பிளாஸ்டிக் டாங்கி மாடல் கிட்: வன்னியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

முதல் பெட்டியாக எதை வாங்குவது?

ஜப்பானின் தமியா நிறுவனத்தின் 1/35 ஷேர்மன் எம்4 (அதாவது உண்மை டாங்கியின் 35இல் ஒரு பங்கு அளவு), பெட்டி எண் 35190. உடல் பெரிய துண்டுகளாக வரும், உதிரிகள் இடுக்கில்லாமல் பொருந்தும், சங்கிலியும் ஒரே பட்டியாக இருக்கும். மேசை சிறிதென்றால் அதே நிறுவனத்தின் 1/48 டைகர், எண் 32504. சோவியத் டாங்கிதான் வேண்டுமென்பவர்களுக்கு 35257, டி-55ஏ.

மினிஆர்ட் போன்ற நிறுவனங்களின் உள்ளமைப்போடு வரும் பெட்டிகளின் படம் கண்ணைப் பறிக்கும். உள்ளே ஆயிரத்துக்கு மேல் துண்டுகள். இயந்திரத்தின் குழாய் வரைக்கும் ஒட்டி, கடைசியில் மேல்மூடியைப் போட்டு எல்லாவற்றையும் மறைக்க வேண்டியிருக்கும். நாலைந்து பெட்டி முடித்த பிறகு அதற்கு வரலாம்.

1/35, 1/48, 1/72 என்பதில் எது நல்லது?

பீரங்கிக் குழலை முன்னே நீட்டிய டி-55 சுமார் 9 மீற்றர் நீளம். 1/35இல் அது 25.7 சென்ரிமீற்றர், 1/48இல் 18.8, 1/72இல் 12.5. உதிரிகள், சிப்பாய் பொம்மைகள், மாற்றுச் சங்கிலிகள் எல்லாம் அதிகமாகக் கிடைப்பது 1/35இல். 1/72இல் செலவும் இடமும் குறைவு, ஆனால் கைபிடி ஒன்றைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்குள் அது ஒடிந்துவிடும். கண்பார்வை குறைந்தவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

35 என்ற எண்ணில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் தமியா மோட்டாரோடு ஒரு பாந்தர் டாங்கியை வெளியிட்டது. மோட்டாரும் பற்றரியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தபோது வந்த அளவு அது. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

கருவிகளுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

பெரும்பாலானவை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்கும். கூர்நுனிச் சாமணமும் சிறிய பக்கவெட்டியும் போன் திருத்தும் கடைக்காரர் பாவிப்பவைதான், எங்கே வாங்கினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். கத்திக்கு மருந்துக் கடையில் 11ஆம் இலக்க சத்திரசிகிச்சை பிளேடும் அதற்கான 3ஆம் இலக்கப் பிடியும் போதும். ஹாட்வெயாரில் 400, 800, 1000 வாட்டர் பேப்பர் ஒவ்வொரு தாள் வாங்கி, ஐஸ்கிரீம் குச்சியில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். பசையையும் பெயின்டையும் சிறு இடத்தில் தொட்டு வைக்க ஈர்க்கை விடச் சிறந்த கருவி இல்லை. நுனியைச் சீவினால் வேண்டிய பருமனுக்கு வரும்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எடுக்க வேண்டியவை பசை, பெயின்ட், அதற்கான தின்னர். தீப்பற்றும் திரவங்களையும் ஸ்பிரே டின்களையும் விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே பெட்டியை வெளிநாட்டிலிருந்து எடுத்தாலும் இவற்றை நாட்டுக்குள்ளேயே தேடுங்கள்.

உதிரியைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது வெள்ளையாகக் கீறல் விழுகிறதே?

ஒரே வெட்டில் எடுக்கப் பார்ப்பதால்தான். ஸ்ப்ரூ என்ற அந்தச் சட்டத்தை உதிரியிலிருந்து 2 மில்லிமீற்றர் தள்ளி முதலில் வெட்டுங்கள். பிறகு பக்கவெட்டியின் தட்டையான பக்கம் உதிரியைப் பார்க்க மிச்சத்தை வெட்டி, கடைசி முளையைப் பிளேடாலும் 400 பேப்பராலும் எடுங்கள். மெல்லிய கைபிடிகளுக்கு வெட்டியே வேண்டாம், பிளேடை அழுத்தாமல் முன்னும் பின்னும் அறுத்தால் போதும்.

வெட்டிய சட்டத்தை எறியாதீர்கள். மெழுகுதிரிக்கு மேலே, சுடர் தொடாமல், உருட்டிச் சூடாக்கி இழுத்தால் தலைமயிர் போன்ற இழை வரும், அன்டெனாவுக்கு அதுதான். துண்டுகளாக நறுக்கிப் பசைப் போத்தலில் ஊறப்போட்டால் இடுக்கு அடைக்கும் கூழாகும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் தேய்க்கும்போது ஒரே மாதிரித் தேயும்.

எந்தப் பசை?

கிட்டின் பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன். அதற்கான பசை ஒட்டுவதில்லை, இரண்டு முகங்களையும் கரைத்து ஒன்றாக்குகிறது. தமியாவின் பச்சை மூடிப் போத்தல் மிக மெல்லியது. இரண்டு துண்டுகளையும் முதலில் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் பொருத்தில் ஒரு இடத்தில் தொட்டால் தானாக உள்ளே ஓடிப் பரவும். தொடும் இடத்தில் விரல் இருந்தால் விரலடிக்குள்ளும் ஓடும், ரேகை அப்படியே பதிந்துவிடும். டாங்கிக் கோபுரத்தில் பெருவிரல் அடையாளம் பதிந்தால், முழுதும் காய்ந்த பிறகு 800 பேப்பரால் தேய்ப்பதுதான் வழி. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இன்னும் மோசமாகும்.

அவர்களுடைய சாதாரண மாடல் பசை இதைவிடத் தடிப்பானது. உடலின் நீண்ட பொருத்துகளுக்கும், சக்கரங்களை நேர்ப்படுத்த நேரம் வேண்டிய இடங்களுக்கும் அது. வெக்கைக் காலத்தில் மெல்லிய பசை தூரிகையிலேயே ஆவியாகிவிடுகிறது என்பவர்கள் முதலில் மின்விசிறியை நிறுத்திப் பார்க்கட்டும்.

சுப்பர் குளூ பித்தளைத் தகட்டுக்கும் ரெசினுக்கும் மட்டும். அதை இறுக்குவது காற்றிலுள்ள ஈரம். அதனால் மாரியில் கெதியாகப் பிடிக்கும், திறந்த போத்தலும் கெதியாகக் கட்டியாகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துப் பழுதாகிவிடும்.

ஹாட்வெயாரில் விற்கும் தின்னரைப் பாவிக்கலாமா?

வாகன லாக்கர் தின்னரைப் பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில் விட்டால் மேற்பரப்பு குழையும். காற்றழுத்தத்தால் பெயின்ட் விசிறும் கருவியான ஏர்பிரஷைக் கழுவ மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயின்டுக்கு எது என்பதில் குழப்பமே வரக்கூடாது. தமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை அக்ரிலிக்குக்கு அவர்களுடைய எக்ஸ்-20ஏ. அவசரத்துக்கு ஐசோபுரொப்பைல் அற்ககோலும் சரிவரும், ஆனால் கெதியாகக் காயும். வயேஹோ என்ற நிறுவனத்தின் அக்ரிலிக்குக்கு அதன் சொந்தத் தின்னர் அல்லது தண்ணீர். அதற்குள் அற்ககோலை விட்டால் தயிர் திரைந்த மாதிரிக் கட்டிபட்டு ஏர்பிரஷின் நுனியை அடைத்துவிடும். எண்ணெய் வர்ணத்துக்கும் எனாமலுக்கும் டர்பன்டைன். மண்ணெண்ணெயால் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். கலக்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு நின்று நாட்கணக்கில் காயாது, அதற்குமேல் அடிக்கும் வார்னிஷும் பிடிக்காது.

ஏர்பிரஷ் அடித்தால் மேற்பரப்பு மண் தூவியது போல் சொரசொரப்பாகிறது. ஏன்?

பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுகிறது. சோளகம் வீசும் மாதங்களில், வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, வன்னியின் காற்று சூடும் வரட்சியும். மத்தியானம் விறாந்தையில் வைத்து அடித்தால் அப்படித்தான் வரும். வீதிப் புழுதியும் கூடச் சேரும்.

அதிகாலையிலோ இரவிலோ உள்ளறையில் அடியுங்கள். பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரைப் பங்கு, காற்றழுத்தம் 15 முதல் 18 பி.எஸ்.ஐ., 0.3 மில்லிமீற்றர் நுனி, மாடலுக்கும் நுனிக்கும் இடையில் 6 முதல் 8 சென்ரிமீற்றர். தூரத்தைக் கூட்டக் கூட்டத் தூள் கூடும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்த்தால் இன்னும் நல்லது. விழுந்த தூளை 1000 பேப்பரால் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சுக்குப் போகலாம்.

சன்னல் திறந்திருக்க வேண்டும், கரைப்பான் ஆவியை மறிக்கும் வடிகட்டி முகமூடியும் வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் தூளைக் கொஞ்சம் மறிக்கும், ஆவியை மறிக்காது.

மாரியில் மங்கல் வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது. மாடல் வீணா?

இல்லை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, ஐப்பசி கார்த்திகைக் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் அகப்பட்டுவிடுகிறது. ஸ்பிரே டின்னில் இது கூடுதலாக வரும், ஏனென்றால் டின்னிலிருந்து வரும் வாயுவே குளிரானது. மழை விட்ட நாளாகப் பார்த்து, மெல்லிய மினுக்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் வெள்ளை மறையும். நன்றாகக் காய்ந்தபின் மங்கல் வார்னிஷை மறுபடி மெல்லியதாக அடியுங்கள்.

எங்கள் ஆலோசனை: ஐப்பசியிலிருந்து மார்கழி முடியும்வரை வெட்டுவது, ஒட்டுவது, சங்கிலி கோப்பது. பெயின்டுக்குத் தை பிறக்கட்டும்.

ஏர்பிரஷ் இல்லாமல் முடியாதா?

முடியும். ஒரே நிறமான ஷேர்மன், டி-55 போன்றவற்றைத் தட்டைத் தூரிகையால் அடிக்கலாம். தமியா அக்ரிலிக் தூரிகைக்குச் சரிவராது, இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக் கிளப்பும். வயேஹோவை எடுங்கள். அடியில் பிரைமர் என்ற அடிப்பூச்சு கட்டாயம், பிறகு தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு மூன்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் முழுதாகக் காயவிட்டு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும், பதறி மேலே மேலே அடிக்காதீர்கள். புத்தகக் கடையில் விற்கும் மாணவர் அக்ரிலிக் அடித்தளத்து மண்ணுக்கும் கல்லுக்கும் போதும், பிளாஸ்டிக்கில் தோலாக உரியும்.

சங்கிலி எப்போதும் பொம்மைச் சாமான் போலத் தெரிகிறது.

டாங்கி மாடலைப் பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

உண்மையான சங்கிலி பல தொன் இரும்பு. தாங்கும் இடத்தில் தாங்கி, தாங்காத இடத்தில் தொய்யும். டி-55இல் மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது, சங்கிலியின் மேற்பகுதி ஐந்து பெரிய சக்கரங்களின் தலையிலேயே கிடக்க வேண்டும். ஷேர்மனில் மேலே உருளைகள் உண்டு, ஆகவே தொய்வு குறைவு. கிட்டில் வரும் வினைல் பட்டியோ ரப்பர் நாடாபோல் விறைப்பாக நிற்கும். அதைச் சக்கரத்தின் தலையில் அமுக்கி, ஒரு துளி சுப்பர் குளூ வைத்து, உடலுக்கும் பட்டிக்கும் நடுவே கடதாசியை மடித்துச் செருகிப் பிடிக்கும்வரை விடுங்கள். மேலே பக்கத் தகடு மூடுமென்றால் இந்த வேலை பாதியாகிவிடும்.

பட்டியின் இரு முனைகளையும் இணைப்பதில் இன்னொரு சிக்கல். தமியாவின் இப்போதைய பட்டிகள் சாதாரண மாடல் பசையிலேயே பிடிக்கும், செய்முறைத் தாளில் போட்டிருக்கும். பழைய கறுப்பு வினைல் பிடிக்காது. அதில் ஒரு முனையின் முளைகளை மறுமுனைத் துளைகளில் விட்டு, சூடாக்கிய திருப்புளி நுனியால் முளைத் தலையை நசுக்க வேண்டும். இணைப்பு எப்போதும் தரையிலோ பக்கத் தகட்டுக்கு அடியிலோ வரட்டும்.

தனித்தனிக் கண்ணிகளாக வரும் சங்கிலி அழகு, பொறுமையைத் தின்னும். டைகருக்கு ஒரு பக்கத்துக்கு 96 கண்ணி. பத்துப் பன்னிரண்டாகத் தட்டையான ஓட்டுத் துண்டில் வைத்துத் தடிப்புப் பசை பூசி, அரை மணித்தியாலத்தில், முழுதாக இறுகுவதற்கு முன், சக்கரங்களைச் சுற்றி வளைத்துவிட வேண்டும். முந்தினால் அறுந்து போகும், பிந்தினால் ஒடியும். திசையையும் பாருங்கள்: இடதும் வலதும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்றை மாறிப் போட்ட மாடல்கள் போட்டி மேசை வரைக்கும் வந்திருக்கின்றன.

இத்தனைக்கும் முன் ஒரு வேலை உண்டு. சக்கரங்களை ஒட்டியவுடன், பசை இளகலாக இருக்கும்போதே உடலைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒன்று தூக்கி நின்றால் எந்தச் சங்கிலியும் அதை மறைக்காது.

இலக்கம், நட்சத்திரம் ஒட்டியபின் சுற்றிலும் வெள்ளி மாதிரிப் பளபளக்கிறது.

மங்கல் பெயின்டின் சொரசொரப்பில் காற்று அகப்பட்டிருக்கிறது. ஒட்டுமுன் அந்த இடத்துக்கு மினுக்கல் வார்னிஷ், தமியா எக்ஸ்-22, அடித்துக் காயவிடுங்கள். ஸ்ரிக்கரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நொடி நனைத்து வெளியே எடுத்து வைத்தால் தாளிலிருந்து தானாக நழுவும், பிடித்து இழுக்கக் கூடாது. இருப்பிடத்தில் வைத்து மென்மையாக்கும் திரவம் தொட்டபின் கை வைக்காதீர்கள். முதலில் சுருங்கும், பயப்பட வேண்டாம், காயும்போது ஆணித்தலைகளில் படிந்துவிடும்.

பழைய பெட்டியில் ஸ்ரிக்கர் தாள் மஞ்சளடித்திருந்தால் மூடிய பொலித்தீன் பையில் போட்டு வெயில் படும் யன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவிடுங்கள். வெளுத்துவிடும். எங்கள் வெயில் பயன்படும் ஒரே இடம் இதுதான்.

வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த வர்ணம்) விட்டதும் அச்சு தானாக ஒடிந்தது. எதனால்?

பெயின்ட் படாத பிளாஸ்டிக், அதிலும் வளைத்தோ இறுக்கியோ பூட்டிய துண்டு, டர்பன்டைன் ஊறியவுடன் வெடிக்கும். சக்கர அச்சுகளில் இது அடிக்கடி நடக்கிறது. எண்ணெய் வர்ண வாஷை முழு உடலிலும் ஊற்றாமல், ஆணித்தலையிலும் தகட்டு விளிம்பிலும் மட்டும் மெல்லிய தூரிகையால் தொடுங்கள். அடியில் மினுக்கல் வார்னிஷ் இருந்தால் தானாக ஓடும். மிஞ்சியதை 20 நிமிடம் கழித்து, டர்பன்டைன் தொட்டுப் பிழிந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் மழைக் கறைபோல் நிற்கும்.

சேறும் புழுதியும் காட்ட வளவு மண்ணையே எடுக்கலாமா?

எடுக்கலாம், சலித்து. 1 மில்லிமீற்றர் மணல், 1/35 அளவில் மூன்றரைச் சென்ரிமீற்றர்க் கல். பழைய நைலோன் காலுறையில் இரண்டு தரம் சலித்து வரும் மாவைத்தான் பாவிக்க வேண்டும். அதற்குமுன் இரும்புச் சட்டியில் பத்து நிமிடம் வறுங்கள். வறுக்காத மண் அடுத்த மாரியில் அடித்தளத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சேற்றுக்குத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்து குழையுங்கள். புழுதிக்கு மண்ணைத் தூரிகையால் தூவி, மேலே ஐசோபுரொப்பைல் அற்ககோலைத் துளித்துளியாக விட்டால் ஓரளவு பிடித்துக்கொள்ளும். நீண்ட புல்லுக்குத் தேங்காய்த் தும்பை வெட்டி நடலாம்.

நிறத்தில் கவனம் வேண்டும். நோர்மண்டியில் நின்ற ஷேர்மனுக்கு நமது செம்மண்ணைப் பூசினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார், அங்கே கபில மண். அதே செம்மண் வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில் ஓடிய எம்48ஏ3 பட்டனுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். தமியாவில் அது 35120. வன்னியில் இருப்பவருக்கு இதைவிட வாய்ப்பான பெட்டி இல்லை.

அடித்தளத்தில் வைக்க உண்மையான துருப்பிடித்த துண்டு, வெற்றுத் தோட்டா பொறுக்கலாமா?

கூடாது. காட்டோரத்திலும் கைவிட்ட காணியிலும் கிடக்கும் இரும்பு எதையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 2009இல் போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடம் என்பதற்காக அது துப்புரவான இடம் ஆகிவிடாது. கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் போய் 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். துருவை ஒரு பெயின்டாலும் பஞ்சுத் துண்டாலும் வீட்டிலேயே காட்டலாம்.

வீட்டில் டாங்கியா என்று பெரியவர்கள் கோபிக்கிறார்கள். என்ன சொல்வது?

சொல்லிச் சமாளிக்கத் தேவையில்லை, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இங்கே சங்கிலிச் சத்தம் கேட்டு ஓடியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அம்மம்மா இருக்கும் விறாந்தையில் வைக்காமல் உங்கள் அறை அலமாரியில் வையுங்கள். சாவீடு நடந்த வளவுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். வடபிரான்சையோ வியட்நாமையோ செய்வதும் இங்கத்தைய சண்டை ஒன்றைச் சிறு உருவில் அமைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்ய எங்களிடம் எவரும் வழி கேட்க வேண்டாம்.

சிறு உதிரி விழுந்தால் கிடைப்பதே இல்லை.

நிலத்தில் இருந்து, சாரத்தை இரண்டு முழங்காலுக்கும் குறுக்கே விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். விழுவது மடியிலேயே நிற்கும். சாமணத்தை இறுக்கிப் பிடித்தால் உதிரி தெறிக்கும், ஈர்க்கு நுனியில் துளி மெழுகு வைத்துத் தூக்கினால் தெறிக்காது.

முடித்த மாடல் எத்தனை வருடம் இருக்கும்?

தகரக் கூரைக்குக் கீழே அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் மெல்லிய தகடுகள் வளைய ஒரு கோடை போதும். வாகனத்தின் டாஷ்போட்டில் வைப்பவர்களும் உண்டு, அதைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. பழைய வினைல் சங்கிலியிலிருந்து கசியும் எண்ணெய் தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்டைரீனை மெல்ல மெல்லத் தின்னும், வெக்கையில் இன்னும் கெதியாக. சங்கிலி தொடும் சக்கரங்களுக்கு முழுதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இது குறையும்.

கண்ணாடிப் பெட்டி கட்டாயம். புழுதியைத் தூரிகையால் தட்டலாம், ஆனால் பல்லி எச்சம் காய்ந்தால் வார்னிஷைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். அடித்தளப் பலகைக்குத் தச்சுப் பட்டறையில் மிஞ்சும் தேக்குத் துண்டைக் கேளுங்கள். மலிந்த பலகையில் கறையான் ஏறும்.

டாங்கி வேண்டாம், உழவு இயந்திரம் கிட்டாக வருமா?

வரும். பிரான்சின் ஹெல்லர் நிறுவனம் சாம்பல் நிறப் பெர்குசனை 1/24 அளவில் வெளியிட்டிருக்கிறது. 1953இல் மசி-ஹரிஸும் பெர்குசனும் ஒன்றான பின் வந்தவைதான் வன்னி வயல்களில் ஓடிய சிவப்பு மெசிகள், அதற்கு முந்திய தலைமுறை இது. முடித்தால் கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர். 1/24 என்பதால் டாங்கிப் பொம்மைகளை இதன் பக்கத்தில் நிறுத்த முடியாது, ஆள் குள்ளமாகிவிடும். உடலும் சக்கர வட்டும் ஒரே சாம்பல், ரயர் மட்டும் கறுப்பு. ஆனால் தனிக் கறுப்பு அடிக்காதீர்கள், கறுப்போடு கொஞ்சம் கபிலம் கலந்து அடித்து, பள்ளங்களில் சலித்த மண்ணைத் தூவிவிடுங்கள். இதற்குச் செம்மண்ணோ களிமண்ணோ, உங்கள் வயலில் எதுவோ அதுவே சரி.